தேதி எழுதிய கண்ணாடி

நாற்பது வெள்ளை அங்கிகளில் முப்பத்தொன்பது வியாழக்கிழமையே பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. நாற்பதாவது அங்கி தையல்காரியின் சொந்த மகளுடையது. அது மட்டும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கும் பொத்தான் இல்லாமல் மெஷின் மேல் கிடந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில், தன் பிள்ளைக்குக் கடைசியில் என்பது அவள் வீட்டுச் சட்டம். அதற்காக மகள் மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

மூன்று நாளாக மழையும் விடவில்லை. நனைந்த துணி வாசனையோடு வீடு முழுக்க ஒரு புழுக்கம். கட்டிலில் அவள் வீட்டுக்காரர் இடது காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். கொத்தனார். மட்டம் பார்க்கும் கருவியான ரசமட்டம்தான் தொழிலில் அவருக்குப் பட்டப்பெயர். பூசிய சுவரை மூன்று தடவை மட்டம் பார்ப்பார். சாப்பாட்டுத் தட்டு சாய்வாக இருந்தால்கூட அடியில் காகிதம் மடித்து வைப்பார். முப்பது வருஷம் சாரத்தில் ஏறி இறங்கியும் ஒரு கீறல் படாதவர், மூன்று வாரத்துக்கு முன்னால் சொந்தக் குளியலறையில் சோப்பை மிதித்து விழுந்தார். கூட வேலை பார்ப்பவர்கள் பார்க்க வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் அடக்கிக்கொண்டு போனார்கள்.

"பாப்பா இன்னைக்குப் பாடப் போக வேண்டாம்," என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.

தையல்காரி வாயிலிருந்த நூலைக் கடித்தாள். "என்ன, மழைக்கா? குடை இருக்கு."

"மழைக்கு இல்ல. வேண்டாம்னா வேண்டாம்."

"அப்பா!" என்று உள்ளறையிலிருந்து மகள் அலறினாள். "நான்தான் ரெண்டாவது பாட்டுல முதல் வரி! எல்லாரும் எனக்காக நிப்பாங்க!"

"நீ போய்ப் பல்லைத் தேய்," என்று தையல்காரி அவளை விரட்டிவிட்டு, கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தாள். இருபது வருஷம் ஒருவரோடு குடித்தனம் பண்ணினால் அவர் கூரையைப் பார்ப்பதில் எத்தனை வகை என்று தெரியும். இது அவளுக்குப் பழக்கமில்லாத வகை. "என்னங்க, சொல்லுங்க."

"அந்தக் கோயில்ல வேணாம். வேற எங்கயாவது பாடட்டும்."

"கோயில்" என்று அவர் சொன்னது வட்டத் தேவாலயத்தை. போன ஜனவரியில் அங்கே அவர் வேலை பார்த்திருந்தார். குவிமாடத்தின் அடியில் ஒரு விரிசல். அதன் மேல் பூச வேண்டாம், முதலில் கவனிப்போம் என்று ஃபாதர் சொன்னதால், விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை இரு பக்கமும் சாந்து வைத்து ஒட்டிவிட்டு வந்திருந்தார். அது அவர்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். ஒட்டிய தேதியைக் கண்ணாடியில் எழுதுவார்கள். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். மயிரிழை அசைந்தாலும் விண்டுவிடும். விண்டால், படித்த இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

"மார்ச் மாசம் பார்க்கப் போனேன்ல," என்றார். "ரெண்டாக் கிடந்துச்சு."

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே! வீட்டுக்கு வந்து பாயசம் வைக்கச் சொன்னீங்களே!"

"ஏணியைத் தோள்ல வச்சுக்கிட்டு அந்தப் பக்கமாத் திரும்பினேன். ஏணி இடிச்சுத்தான் உடைஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"இடிச்ச சத்தம் கேட்டுச்சா?"

அவர் போர்வையை இழுத்து மாவுக்கட்டின் மேல் நேராக்கினார்.

"கேட்டுச்சா, கேக்கலயா?"

"கேக்கல. ரசமட்டம் கைதவறி உடைச்சுட்டான்னு நாளைக்கு நாலு பேர் சொல்லுவாங்க. புதுசா ஒன்னு ஒட்டி, அன்னைக்குத் தேதி போட்டேன். மார்ச் இருபது. ஃபாதர் கீழ நின்னு கேட்டாரு. அப்படியே இருக்கு ஃபாதர்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. இப்போ படுத்துக் கிடக்கிறேனா, வேற வேலை இல்ல. கண்ணை மூடினா அதுதான் நிக்குது."

தையல்காரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பாப்பா போக வேண்டாம். சரி. மத்த முப்பத்தொம்போது பேர்?"

கொத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த முப்பத்தொன்பது பேரையும் அவளுக்குத் தைத்த அளவுகளாகத் தெரியும். ரொட்டிக் கடைக்காரரின் இரட்டைப் பெண்களுக்குத் தோள் பத்தரை. கம்பவுண்டர் மகனுக்கு வலது கை இடது கையைவிட அரை அங்குலம் நீளம். ஒரு சிறுமிக்கு அளவு எடுக்கும்போது கூச்சம் தாங்காமல் சிரித்துச் சிரித்து விக்கலே எடுத்துவிட்டது. அந்தத் தோள்களெல்லாம் பத்து மணி ஒத்திகைக்கு அந்தக் குவிமாடத்தின் அடியில் வரிசையாக நிற்கப் போகின்றன.

"நான் போய்ப் பார்த்துட்டு வரேன்," என்று எழுந்தாள். "முழுசா இருந்தா போன் பண்றேன், இவளை ஆட்டோவுல ஏத்தி விடுங்க. முழுசா இல்லைன்னா..." அவள் செருப்பைத் தேடி மாட்டினாள்.

"மூணாவது ஜன்னலுக்கு இடது பக்கம்," என்றார் அவர். "மேல் நடைபாதையில. ஆள் உயரத்துலதான் இருக்கும்."

மழையில் பேருந்துக்கு வெகுநேரம் காத்திருந்து அவள் போய்ச் சேர ஒன்பதே கால் ஆகிவிட்டது. தேவாலயம் ஒரு டயர் கடைக்கும் வங்கிக்கும் நடுவில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த பானை மாதிரி. வாசல் வேண்டுமென்றே தணிவாகக் கட்டப்பட்டது, எவ்வளவு பெரிய ஆளும் தலை குனிந்துதான் நுழைய வேண்டும். வாசலில் ஒரு பலகை: "யாரும் வரலாம். எதுவும் கேட்க மாட்டோம்." தையல்காரி வேறு சாமி கும்பிடுகிறவள். இந்தப் பலகையை ஆயிரம் தடவை பேருந்திலிருந்து படித்திருக்கிறாள். ஒருநாளும் உள்ளே போனதில்லை.

தலை குனிந்து நுழைந்து நிமிர்ந்தாள். வெளியே வட்டமாகத் தெரிந்தாலும் உள்ளே எட்டுச் சுவர்கள். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. அவ்வளவு பெரிய நீலக் குவிமாடம் எதன்மேல் நிற்கிறது என்றே தெரியவில்லை. வேறொரு நாளாக இருந்தால் வாயைப் பிளந்து ரசித்திருப்பாள். இன்று அவளுக்கு அதன் கனம் மட்டும்தான் தெரிந்தது.

"வா, வா, வா! நனைஞ்சு போயிட்டியே!" என்று ஒரு பெரிய குரல் வந்தது. இடுப்பில் வளையம் நிறையச் சாவிகளோடு ஒரு அம்மாள், கையில் துடைப்பம். தேவாலயத்தைக் கூட்டி, திறந்து, பூட்டுகிறவள். எல்லோரும் அவளைச் சாவியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் என்ன என்று கேட்காமல் ஒரு துண்டை எடுத்துத் தையல்காரியின் தலையில் போட்டாள். அடுத்த நிமிஷம் கையில் சூடாக ஒரு தம்ளர் டீ இருந்தது.

"அக்கா, நான் மேல போய்ப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம், பார்க்காம என்ன? முதல்ல கீழ பாரு. அவசரப்பட்டா இந்த இடம் பிடிபடாது."

சாவியக்கா முதல் தடவை வருகிறவர்களை விடுவதில்லை. எட்டுச் சுவரையும் காட்டாமல் அனுப்பினால் அவளுக்குத் தூக்கம் வராது. சுவர் நிறைய ஓவியங்கள். புனிதர்கள், தேவதூதர்கள். ஆனால் முகங்கள் எல்லாம் சாதாரண முகங்கள். அந்தக் காலத்தில் வரைந்தவர் ஊர்க்காரர்களை நிற்க வைத்தே வரைந்தாராம். செருப்புத் தைப்பவர், மருத்துவச்சி, மூட்டை தூக்குபவர் எல்லோருக்கும் தலையைச் சுற்றி ஒளிவட்டம். எல்லோரும் ஒரே மாதிரி தலையை அண்ணாந்து குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்க்கா எல்லாரும் மேலயே பார்க்கிறாங்க?"

"வானத்தைப் பார்க்கிறாங்க. வேற எதைப் பார்ப்பாங்க?"

தையல்காரியும் அண்ணாந்தாள். அவர்கள் விரிசலைப் பார்ப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷமாக இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவராவது வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?

"இங்க வா, உன் ஆளைக் காட்டுறேன்," என்று சாவியக்கா அவளை ஐந்தாவது சுவருக்கு இழுத்துப் போனாள். தையல்காரியின் விரல் நுனியில் இருந்த ஊசித் தழும்புகளை எப்போது கவனித்தாளோ தெரியவில்லை. அங்கே ஒரு பெண் புனிதர், மடியில் துணி, உதட்டில் ஊசி.

"வாயில ஊசியை வச்சுக்கிட்டா நிப்பாங்க, புனிதர்?"

"நம்ம கோயில்ல நிப்பாங்க." சாவியக்கா சிரித்தாள். "டீயைக் குடி. ஆறிடப் போகுது."

தையல்காரி தம்ளரை ஒரே மடக்கில் காலி செய்தாள். கடிகாரம் ஒன்பதே முக்கால். "மேல போலாமா?"

சுழல் படிகள் நாற்பத்திரண்டு. சாவியக்கா ஒவ்வொரு பத்துக்கும் நின்று மூச்சு வாங்கினாள், ஒவ்வொரு தடவையும் ஒரு கதை சொன்னாள். தையல்காரிக்கு அவளைத் தள்ளிக்கொண்டு ஏறிவிடலாமா என்றிருந்தது.

மேலே போனதும் அவள் திகைத்துப் போனாள். குவிமாடம் தொடங்கும் இடத்தில் சுற்றிலும் குறுகலான நடைபாதை. அதன் சுவர் முழுக்கக் கண்ணாடி. நீளமும் குட்டையுமாக, பச்சையும் சிவப்பும் வெள்ளையுமாக ஆயிரக்கணக்கான பட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி எழுதியிருந்தது.

"இதுதான் இங்க விசேஷம்," என்றாள் சாவியக்கா. "குழந்தை பிறந்தா ஒன்னு ஒட்டுவாங்க. யாராவது தவறிப்போனா ஒன்னு. நோய் தீர்ந்தா ஒன்னு. எந்த ஊரு, எந்த சாமின்னு கேட்க மாட்டோம். தேதி மட்டும் போடணும், பேர் போடக் கூடாது. இன்னொன்னு பாரு." அவள் சுவரோடு முகத்தை வைத்துக் கிசுகிசுத்தாள்: "ஃபாதர், விருந்தாளி வந்திருக்காங்க."

கீழே, தூரத்து வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்த ஃபாதர் கையை ஆட்டினார்.

"கேட்டுச்சு பாத்தியா! கத்தினா ஒன்னும் புரியாது, எல்லாம் குழம்பிடும். சுவரோட மெதுவாப் பேசினா வாசல் வரைக்கும் துல்லியமாப் போகும்."

தையல்காரி அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்றாவது ஜன்னல். இடது பக்கம். சுண்டுவிரல் தடிமனில் கருப்பாக ஒரு விரிசல் மேலே ஓடி நீலத்துக்குள் மறைந்தது. அதற்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பட்டை. முழுசாக இருந்தது. கீறல்கூட இல்லை.

அவள் சுவரில் சாய்ந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"முழுசா இருக்குங்க! ஒன்னும் ஆகல! பாப்பாவைக் கிளப்புங்க!"

அந்தப் பக்கம் அவர் விட்ட பெருமூச்சு அவளுக்குக் கேட்டது. பிறகு, ரசமட்டம் அல்லவா, கேட்டார்: "மார்ச் இருபதுன்னு இருக்குல்ல?"

அவள் எழுந்து பார்த்தாள். "ஆகஸ்ட் எட்டுன்னு போட்டிருக்கு."

"என்னது?"

"ஆகஸ்ட் எட்டு. நாலு நாளைக்கு முன்னாடி."

"அது நான் ஒட்டினது இல்ல," என்றார் கொத்தனார்.

தையல்காரி மெல்லத் திரும்பிச் சாவியக்காவைப் பார்த்தாள். "அக்கா, இதை யார் ஒட்டினது?"

"நான்தான்!" சாவியக்கா முகமெல்லாம் பெருமை. "யாரோட வேண்டுதலோ தெரியல, பாவம், மத்ததெல்லாம் நல்லா இருக்கு, இது மட்டும் உடைஞ்சு உடைஞ்சு போகுது. உடைஞ்ச வேண்டுதலை அப்படியே விடலாமா? தினமும் காலையில கூட்டும்போது பார்ப்பேன். உடைஞ்சிருந்தா, கண்ணாடிக் கடையில துண்டு வாங்கிட்டு வந்து அன்னைக்குத் தேதி போட்டு ஒட்டிடுவேன்."

"எத்தனை தடவை அக்கா?"

"பழசை எறிய மாட்டேன். எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்." ஜன்னல் மாடத்திலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தாள். துணியில் சுற்றிய கண்ணாடித் துண்டுகள், இரண்டிரண்டாக.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. "படி," என்றார் அவர். "ஒவ்வொன்னா."

"மார்ச் இருபது. உங்க கையெழுத்து." ஒரு முனை விரலில் குத்தியது. "ஜூன் ரெண்டு. ஜூலை பதினொன்னு. ஜூலை முப்பது. அப்புறம் சுவர்ல இருக்கிற ஆகஸ்ட் எட்டு."

அவர் வாய்விட்டுக் கணக்குப் போடுவது கேட்டது. "எழுபத்துநாலு நாள். முப்பத்தொம்போது. பத்தொம்போது. ஒம்போது." பிறகு அவசர அவசரமாகச் சொன்னார். "ஒவ்வொரு தடவையும் பாதிப் பாதியாக் குறையுது. அடுத்தது நாலு, இல்லன்னா அஞ்சு. நீ முதல்ல கீழ இறங்கு. இப்பவே இறங்கு!"

அந்த நேரம் பார்த்துக் கீழே கதவு திறந்தது. வெள்ளை அங்கிகள் இரண்டிரண்டாகத் தலை குனியாமலே உள்ளே வந்தன. அவர்கள் உயரத்துக்கு அந்த வாசல் போதும். மேலேயிருந்து அவளுக்கு முகங்கள் தெரியவில்லை, தோள்கள்தான் தெரிந்தன. ரொட்டிக் கடை இரட்டையர். கம்பவுண்டர் மகன். விக்கல் எடுத்தவள். ஆர்கன் வாசிப்பவர் உட்கார்ந்து, சரிபார்க்க ஒரு கீழ்ச் சுரத்தை அழுத்தினார். நடைபாதைச் சுவரில் ஆயிரம் கண்ணாடியும் ஒன்றாக ரீங்கரித்தன. அந்த அதிர்வு அவள் பல்லுக்குள் இறங்கியது.

"வெளிய போங்க!" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "எல்லாரும் வெளிய போங்க!"

குரல் குவிமாடத்தைச் சுற்றி, தன் மேலேயே மோதி, வெறும் இரைச்சலாகக் கீழே விழுந்தது. முப்பத்தொன்பது முகங்களும் அண்ணாந்து அவளைப் பார்த்தன. சுவரில் இருந்தவர்கள் பார்ப்பதைப் போலவே. ஒரு பிள்ளை கையை ஆட்டியது. இன்னொன்று பதிலுக்கு "ஊ" என்று கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரும்மா மேல விளையாடுறது?" என்றாள் பாட்டு டீச்சர்.

சாவியக்கா தையல்காரியின் தோளைப் பிடித்தாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "என்னன்னு எனக்குப் புரியல. ஆனா கத்தாதே. சுவரோட சொல்லு. ஃபாதர் வாசல்லதான் நிக்கிறாரு."

தையல்காரி ஈரச் சுவரில் கன்னத்தை வைத்தாள். என்ன சொன்னால் நம்புவார்? விரிசல் என்றால் பழைய விரிசல் என்பார். பார்க்கலாம் அம்மா, பிராக்டீஸ் முடியட்டும் என்பார். நம்ப வைக்க ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதைச் சொன்னால் முப்பது வருஷத்தில் ரசமட்டம் என்று வாங்கிய பெயர் போகும், இனி யாரும் அவரை ஒரு மதிலுக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"ஃபாதர்," என்று கிசுகிசுத்தாள். "நான் கொத்தனார் சம்சாரம். மார்ச் மாசமே கண்ணாடி உடைஞ்சிருந்துச்சு. என் வீட்டுக்காரர் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டார். அதுக்கப்புறம் நாலு தடவை உடைஞ்சிருக்கு. பிள்ளைங்களை வெளிய கொண்டு போயிடுங்க. இப்பவே. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

வாசலில் நின்ற உருவம் நிமிர்ந்து மேலே பார்த்தது. பிறகு ஃபாதர் கையைத் தட்டினார். ஆர்கன் பெட்டியை மூடச் சொன்னார். பதறாமல், விளையாட்டுக் காட்டுகிற குரலில், "வந்த வழியே, ரெண்டு ரெண்டு பேரா, யார் சத்தமில்லாம நடக்கிறாங்கன்னு பார்ப்போம்," என்றார். டீச்சர் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

நாற்பத்திரண்டு படியும் தையல்காரி சாவியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இந்த முறை சாவியக்கா மூச்சு வாங்க எங்கேயும் நிற்கவில்லை. "நான்தானே ஒட்டி ஒட்டி மறைச்சேன்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "நல்லதுதானேன்னு செஞ்சேன்."

பிள்ளைகள் சாலைக்கு எதிர்ப்பக்கம், டயர் கடைக்காரரின் கிடங்குத் தாழ்வாரத்தில் நின்றார்கள். பத்து நிமிஷம் ஆனது. கால் மணி ஆனது. பானை பானையாகவே நின்றது. மழை மட்டும் அதன் மேல் பெய்துகொண்டிருந்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தாள். தையல்காரிக்கு இப்போது புதிதாக ஒரு பயம் வந்தது. ஒன்றுமே ஆகாவிட்டால்? அது விழட்டும் என்று தன் மனசுக்குள் ஏதோ ஒன்று நினைப்பது தெரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது.

ஃபாதர் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க வீட்டுக்காரர் அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"ஆமா ஃபாதர். நானும்தான். ஏழு மணிக்கே எனக்குத் தெரியும். முழுசா இருந்தா யாருக்கும் சொல்லாம வீட்டுக்குப் போயிடலாம்னுதான் வந்தேன்." அவள் குரல் உடைந்தது. "வந்தவளுக்கு டீ வேற குடுத்தாங்க."



அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் இரண்டு ஊன்றுகட்டைகள் வெளியே வந்தன, பிறகு மாவுக்கட்டு போட்ட கால், பிறகு கொத்தனார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அவர் வாழ்க்கையில் அப்படி வெளியே வந்தது அன்றுதான். பின்னாலேயே மகள் குதித்து இறங்கினாள், நாற்பதாவது அங்கியில் ஒரு பொத்தான் இல்லாமல், ஊக்குக் குத்தி. தாழ்வாரத்துக்கு ஓடி, தனக்கென்று விட்டிருந்த இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

கொத்தனார் மழையில் நனைந்தபடி கட்டையை ஊன்றிச் சாலையைக் கடந்து ஃபாதர் முன்னால் வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியே இருக்குன்னு சொன்னேன், ஃபாதர். அப்படி இல்ல. ரெண்டா உடைஞ்சு கிடந்துச்சு. ஏணி இடிச்சதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஏணி இடிக்கல."

திறந்து கிடந்த தணிந்த வாசலிலிருந்து, துல்லியமாக, ஒரு சின்னச் சத்தம் வந்தது. தையல் மெஷினில் ஊசி முறிகிற சத்தம். தையல்காரிக்கு அந்தச் சத்தம் தெரியும். சாவியக்கா இடுப்புச் சாவிகளைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாலாவது நாள்," என்றார் கொத்தனார்.

பிறகு மண் சரிகிற மாதிரி உள்ளே ஏதோ கொட்டத் தொடங்கியது. ஃபாதர் பிள்ளைகளை இன்னும் பின்னால் போகச் சொல்லிக் கை காட்டினார். தையல்காரி அங்கிகளை எண்ணினாள். நாற்பது இருந்தது. நம்பிக்கை வராமல் முதலிலிருந்து மறுபடியும் எண்ணினாள்.